வாசகர் கேள்வி – பதில்: குறுந்தகடு டிரைவின் டிரேயை மென்பொருளால் இயக்குவது

பழைய குறுந்தகடுகளையும் டிவிடிகளையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றும் வேலையில் இருக்கும் வாசகர்கள் பலர், டிரைவின் டிரேயைக் கணினியிலிருந்தே திறப்பதும் மூடுவதும் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தக் கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: கும்பகோணத்தில் திருமணங்களுக்கு வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ நடத்துகிறேன். பல ஆண்டுகளாகச் சேர்ந்துவிட்ட டிவிடிகளை, உபுண்டு நிறுவிய மேசைக் கணினியில் நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தகடு முடிந்ததும் டிரே தானாகத் திறக்க வேண்டும். அடுத்த தகட்டை வைத்து ஒரு விசையைத் தட்டினால் அது உள்ளே போய் நகலெடுப்பு தொடங்க வேண்டும். இதை எப்படிச் செய்வது? மென்பொருள் சொன்னவுடன் டிரே எப்படி அசைகிறது என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: இரண்டாவதாகக் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன், ஐயா. அது விளங்கிவிட்டால் மற்றது எளிது. கணினிக்கும் டிரேக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. டிரேயை நகர்த்தும் சிறிய மோட்டார் டிரைவுக்குள் இருக்கிறது. அந்த மோட்டாரை இயக்கும் அதிகாரம் டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரலான ஃபர்ம்வேரிடம் மட்டுமே உண்டு. இயங்குதளம் அந்த ஃபர்ம்வேருக்கு ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது, அவ்வளவுதான். ‘ஸ்டார்ட் ஸ்டாப் யூனிட்’ என்ற அந்த வேண்டுகோள், சேமிப்புச் சாதனங்களோடு பேசுவதற்கான ‘ஸ்கஸி’ கட்டளைத் தொகுதியைச் சேர்ந்தது. அதன் எண் பதின்ம முறையில் 27. ஐடிஇ, சாட்டா, யுஎஸ்பி என எந்தக் கம்பி வழியாகப் போனாலும் கட்டளை இதுவேதான். ஐடிஇ, சாட்டா டிரைவ்களுக்கு ‘ஏட்டாபி’ என்ற ஏற்பாட்டின்படி 12 பைட் கொண்ட பொட்டலமாகக் கட்டி அனுப்பப்படுகிறது. அந்தப் பொட்டலத்தின் ஐந்தாவது பைட்டில் கடைசி இரண்டு பிட்கள்தாம் முக்கியமானவை: ஒன்று டிரேயை அசைக்கச் சொல்வது, மற்றது தகட்டைச் சுழற்றச் சொல்வது. மதிப்பு 2 என்றால் டிரே திறக்க வேண்டும். 3 என்றால் டிரே மூடி, தகடு சுழலத் தொடங்க வேண்டும். 0 என்றால் டிரே அசையாமல் சுழற்சி மட்டும் நிற்க வேண்டும்.

வேண்டுகோள் வந்து சேர்ந்தபின் ஃபர்ம்வேருக்குச் சொந்த வேலைகள் சில இருக்கின்றன. முழு வேகத்தில் ஓடும் 52 மடங்கு வேகச் சிடி டிரைவில் தகடு நிமிடத்துக்கு 10,000 சுற்றை ஒட்டிச் சுழன்றுகொண்டிருக்கும். முதலில் அதை நிறுத்த வேண்டும். பிறகு சுழல்தண்டும் லேசர் தலையும் பொருத்தப்பட்ட பகுதியைக் கீழே இறக்கி, தகட்டை மேலிருந்து பற்றியிருக்கும் காந்தப் பிடியிலிருந்து அதை விடுவிக்க வேண்டும். அதன் பின்னரே டிரே வெளியே வரும். கட்டளையைத் தட்டியதற்கும் டிரே அசைவதற்கும் நடுவில் ஓரிரு விநாடி கழிவது இதனால்தான். பொறுமை இழந்து கட்டளையை மீண்டும் மீண்டும் அனுப்புவதால் ஒரு பயனும் இல்லை.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். உங்கள் உபுண்டு உட்பட்ட லினக்ஸில் ‘எஜெக்ட்’ என்ற கட்டளை டிரேயைத் திறக்கிறது. தகடு கோப்பமைப்போடு இணைக்கப்பட்டிருந்தால் (மவுண்ட்) அந்த இணைப்பையும் முன்கூட்டியே விடுவிக்கிறது. அதே கட்டளையுடன் சிறு கோடும் சின்ன ‘டி’ எழுத்தும் சேர்த்தால் டிரே மூடும். பெரிய ‘டி’ எழுத்தைச் சேர்த்தால், திறந்திருப்பது மூடும், மூடியிருப்பது திறக்கும். தானியங்கு வேலைக்கு இந்தப் பெரிய எழுத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிரே எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமலே எதிர்நிலைக்கு மாற்றச் சொல்வது, ஒருமுறை கணக்குத் தப்பிவிட்டால் அன்று முழுவதும் தலைகீழாகவே நடந்துகொண்டிருக்கும்.

டிரே மூடிய உடனே படிக்கத் தொடங்கிவிடுவதுதான் இந்த வேலையில் எல்லோரும் செய்யும் தவறு. டிரே உள்ளே போனபின் தகடு சுழன்று, அது என்ன வகை என்று டிரைவ் கண்டறிந்து, தயார் என்று சொல்வதற்குச் சில விநாடிகளோ, கீறல் விழுந்த தகடாக இருந்தால் இன்னும் அதிகமோ ஆகும். அதற்குள் படிக்கப் போனால் ‘தகடு இல்லை’ என்ற பிழையே வரும். பத்து விநாடி காத்திருக்கும்படி எழுதிவைப்பது அரைகுறையான தீர்வு; டிரைவிடமே கேட்டுவிடுவதுதான் சரியான வழி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் டிரைவின் நிலையைக் கேட்பதற்கென்றே ஓர் அழைப்பு இருக்கிறது. பதினாறடிமான முறையில் அதன் எண் 5326. அது 1 என்று விடையளித்தால் தகடு இல்லை, 2 என்றால் டிரே திறந்திருக்கிறது, 3 என்றால் டிரைவ் இன்னும் தயாராகவில்லை, 4 என்றால் தகடு படிக்கத் தயார். பைத்தானில் நாலைந்து வரிகளில் இதை எழுதிவிடலாம்: அரை விநாடிக்கு ஒருமுறை கேட்டு, 4 வரும்வரை காத்திருந்து, பிறகு நகலெடுப்பைத் தொடங்கச் செய்யுங்கள். அதே முறையில் திறக்கும் அழைப்பின் எண் 5309, மூடும் அழைப்பின் எண் 5319. இவற்றைக் கையாளும் நிரல், சாதனத்தைக் காத்திராத (‘நான்-பிளாக்கிங்’) முறையில் திறப்பது மிக அவசியம். அதன் காரணத்தைக் கீழே வேறொரு கேள்வியில் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டின் இன்னொரு நன்மை உங்களுக்கு விசை தட்டும் வேலைகூட மிச்சமாவது. தகட்டை வைத்துவிட்டு டிரேயைக் கையால் இலேசாகத் தள்ளினால் போதும், டிரைவ் அதை உள்ளிழுத்துக்கொள்ளும். நிலை 2-லிருந்து 3-க்கும் பிறகு 4-க்கும் மாறுவதை உங்கள் நிரல் பார்த்துக்கொண்டே இருக்கும்.

நகலெடுத்த நிரல் பிழையின்றி முடிந்ததாகச் சொன்னால் மட்டுமே டிரே திறக்கும்படி எழுதுங்கள் என்றும் வற்புறுத்திச் சொல்கிறேன். ஒருவருடைய திருமணம் அந்தத் தகட்டில் இருக்கிறது. பாதியில் நின்றுபோன தகட்டுக்கும் டிரே திறந்துவிட்டால், உதவிக்கு இருக்கும் பையன் அதை எடுத்து முடிந்த அடுக்கில் வைத்துவிடுவான். குறை தெரியவரும்போது தகடு குப்பைக்குப் போயிருக்கும். டிரே திறந்தால் நல்லபடியாக முடிந்தது, மூடியே இருந்தால் கவனிக்க வேண்டியது என்று ஒரு முறை வகுத்துக்கொள்ளுங்கள். மூடியே இருப்பவற்றை, பழுதான தகட்டிலிருந்து தகவலை மீட்கும் ‘டிடிரெஸ்க்யூ’ நிரலைக் கொண்டு, வேகத்தைக் குறைத்து மீண்டும் முயலலாம். வேகத்தைக் குறைப்பதும் எஜெக்ட் கட்டளையாலேயே முடியும். சிறு கோட்டுடன் சின்ன ‘எக்ஸ்’ எழுத்தும் வேண்டிய வேகமும் தர வேண்டும். டிவிடியின் ஒரு மடங்கு வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1.385 மெகாபைட். 4.7 ஜிபி நிறைந்த தகடு அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும் என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

கேள்வி: என் மடிக்கணினியில் எஜெக்ட் கட்டளை டிரேயைத் திறக்கிறது, மூடும் கட்டளைக்கு மட்டும் எந்த அசைவும் இல்லை. கெர்னல் தரும் தகவல் கோப்பிலோ டிரேயை மூடும் வசதி உண்டு என்றே இருக்கிறது. டிரைவ் பழுதாகிவிட்டதா? – ஈரோடு வாசகி

பதில்: பழுது இல்லை, அம்மா. மேசைக் கணினியின் டிரைவில் டிரேயை வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதும் ஒரு மோட்டாரின் வேலை. மடிக்கணினியின் மெல்லிய டிரைவில் அந்த மோட்டாரே கிடையாது. திறக்கும் கட்டளை வந்ததும் ஒரு சிறிய மின்காந்தம் கொக்கியை விடுவிக்கிறது, ஒரு வில் டிரேயைக் கொஞ்ச தூரம் வெளியே தள்ளுகிறது. மீதியை நாம்தான் இழுத்துக்கொள்கிறோம். உள்ளே தள்ளிக் கொக்கியில் மாட்டுவதும் நம் கையால்தான். இல்லாத மோட்டாரை எந்த மென்பொருளாலும் ஓட்ட முடியாது. யுஎஸ்பி கம்பியில் மாட்டும் மெல்லிய டிரைவ்கள் பெரும்பாலும் இதே வகை.

தகவல் கோப்பு ஏன் அப்படிச் சொல்கிறது என்பதற்கும் காரணம் உண்டு. டிரைவ் தன் இயல்புகளை அறிவிக்கும் பட்டியலில், தகட்டை ஏற்கும் முறைக்கு ஓர் எண் இருக்கிறது: தகட்டை உறைக்குள் வைத்துச் செருகும் பழைய முறைக்கு 0, டிரேக்கு 1. லினக்ஸ் கெர்னல் அந்த எண் 0 ஆக இருந்தால் மட்டும் ‘மூட முடியாது’ என்று குறித்துக்கொள்கிறது. மற்றவை எல்லாம் மூடும் என்று எடுத்துக்கொள்கிறது. மடிக்கணினி டிரைவில் இருப்பதும் டிரேதான் என்பதால் அதுவும் 1 என்றே சொல்லும். மோட்டார் உண்டா இல்லையா என்பதற்கு அங்கே தனி இடம் இல்லை. ஆகவே நீங்கள் எழுதும் நிரலில், மூடும் கட்டளையை அனுப்பியபின் நிலையை ஒருமுறை கேட்டு, இன்னும் 2 என்றே வந்தால் ‘டிரேயைக் கையால் தள்ளுங்கள்’ என்று திரையில் காட்டிவிடுங்கள்.

கேள்வி: லினக்ஸில் டிரே திறக்கிறது, நான் தகட்டை எடுப்பதற்குள் தானே மூடிக்கொள்கிறது. ஒருமுறை விரல் மாட்டிக்கொள்ளப் பார்த்தது. – யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: இது கெர்னலின் ஒரு பழக்கத்தால் வருவது. டிரே திறந்திருக்கும்போது ஏதேனும் ஒரு நிரல் அந்தச் சாதனத்தைப் படிப்பதற்காகச் சாதாரண முறையில் திறந்தால், தகட்டைப் படிக்க விரும்புகிறார்கள் போலும் என்று எண்ணிக் கெர்னல் தானே டிரேயை மூடிவிடுகிறது. நீங்கள் டிரேயைத் திறந்த மறுகணம், பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு நிரல் ‘தகடு மாறிவிட்டதா’ என்று பார்க்கப் போகிறது, டிரே மூடிக்கொள்கிறது. சாதனத்தைக் காத்திராத முறையில் திறக்க வேண்டும் என்று முதல் பதிலில் சொன்னது இதற்காகத்தான். அந்த முறையில் திறந்தால், தகட்டைப் படிக்க வரவில்லை, டிரைவோடு பேசத்தான் வந்திருக்கிறோம் என்று கெர்னல் புரிந்துகொண்டு டிரேயைத் தொடாது.

அடுத்தவர் எழுதிய நிரலை நாம் திருத்த முடியாது, கெர்னலின் பழக்கத்தை நிறுத்திவிடலாம். ‘ப்ராக்’ அடைவில் ‘சிஸ்’, ‘டெவ்’, ‘சிடிராம்’ என்று வரிசையாக உள்ளே போனால் ‘ஆட்டோகுளோஸ்’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதன் இயல்பான மதிப்பு 1. நிர்வாகி உரிமையுடன் அதை 0 ஆக்கினால் டிரே தானாக மூடுவது நின்றுவிடும். கணினியை மறுபடி தொடங்கியபின்னும் நிலைத்திருக்க ‘சிஸ்கண்ட்ரோல்’ அமைப்புக் கோப்பிலும் எழுதிவைக்க வேண்டும். பக்கத்திலேயே ‘ஆட்டோஎஜெக்ட்’ என்ற கோப்பும் இருக்கும். அது 1 ஆக இருந்தால் சாதனத்தை நிரல்கள் மூடும்போது டிரே திறக்கும். இயல்பான மதிப்பு 0, அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸில் ‘செட் சிடிஆடியோ டோர் ஓப்பன்’ என்ற வரியைப் பயன்படுத்தி நிரல் எழுதினேன். இரண்டு டிரைவ் உள்ள கணினியில் எப்போதும் முதல் டிரைவ்தான் திறக்கிறது. – பொறியியல் கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் பயன்படுத்துவது ‘எம்சிஐ’ என்னும் ஊடகக் கட்டுப்பாட்டு முறை. 1991-இல் விண்டோஸ் 3.0-க்கு வந்த பல்லூடக நீட்சிகளின் காலத்தது. இன்றும் வேலை செய்கிறது. பாட்டுத் தகடு ஓட்டுவதற்காக வடிவமைத்த அந்த முறை, டிரைவின் பெயர் எதுவும் சொல்லாவிட்டால் முதல் டிரைவையே எடுத்துக்கொள்ளும். முதலில் ‘ஓப்பன்’ என்ற வரியில் டிரைவின் எழுத்தையும் ‘டைப் சிடிஆடியோ’ என்பதையும் ஒரு மாற்றுப்பெயரையும் தாருங்கள். பிறகு ‘செட்’ வரியில் ‘சிடிஆடியோ’ என்பதற்குப் பதில் அந்த மாற்றுப்பெயரை எழுதுங்கள். இரண்டாவது டிரைவ் திறக்கும்.

ஆனால் பழகும் வயதில் சரியான வழியையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். டிரைவ் எழுத்தைக் கோப்பைப் போலத் திறந்து, ‘டிவைஸ்ஐஓகண்ட்ரோல்’ அழைப்பின் மூலம் நான்கு படிகளை வரிசையாகச் செய்ய வேண்டும்: வால்யூமைப் பூட்டுவது, அதன் இணைப்பை விடுவிப்பது, தகட்டை எடுப்பதற்கான தடையை நீக்குவது, கடைசியாக வெளியே தள்ளச் சொல்வது. முதல் படியே தோற்றால், வேறொரு நிரல் அந்தத் தகட்டிலிருந்து எதையோ படித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அங்கேயே நிறுத்திப் பயனருக்குச் சொல்லிவிட வேண்டும். மூடுவதற்கு ‘லோட் மீடியா’ என்ற தனி அழைப்பு உண்டு. ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் தகட்டை நடுவில் பிடுங்காத நிரலே நாலு பேருக்குக் கொடுக்கத் தகுந்தது.

கேள்வி: டிரைவின் முன்பக்கப் பொத்தானை அழுத்தினாலும் டிரே திறப்பதில்லை, மென்பொருளும் மறுக்கிறது. குண்டூசியைத் துளைக்குள் விட்டுத் திறக்கலாமா? – சேலம் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டிரே பூட்டப்பட்டிருக்கிறது என்றே தெரிகிறது. தகடு எடுப்பதைத் தடுக்கவும் அனுமதிக்கவும் ஸ்கஸியில் இன்னொரு கட்டளை உண்டு. அதன் எண் பதின்ம முறையில் 30. லினக்ஸில் ஒரு தகட்டை இணைத்தவுடன் கெர்னல் இந்தத் தடையை விதிக்கிறது, விடுவித்ததும் நீக்குகிறது. தகடு எழுதும் நிரல்களும் எழுதி முடிக்கும்வரை இதைத்தான் செய்கின்றன. தடை இருக்கும்போது பொத்தானும் பயன்படாது, வெளியே தள்ளும் கட்டளையும் பயன்படாது. டிரைவ் 53-02 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். தகட்டை எடுக்கத் தடை இருக்கிறது என்பது அதன் பொருள்.

யார் அந்தத் தகட்டைப் பிடித்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ‘எஃப்யூசர்’, ‘எல்எஸ்ஓஎஃப்’ ஆகிய கட்டளைகள் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் அந்தத் தகட்டின் கோப்புறையில் நின்றுகொண்டிருக்கும் ஒரு முனையச் சாளரமாகவே இருக்கும். அதை மூடி, இணைப்பை விடுவித்தால் டிரே திறந்துவிடும். பூட்டிய நிரல் நடுவில் செத்துப்போய்த் தடை மட்டும் எஞ்சியிருந்தால், எஜெக்ட் கட்டளையுடன் சிறு கோடு, சின்ன ‘ஐ’ எழுத்து, பிறகு ‘ஆஃப்’ என்று கொடுத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கணினியை முழுவதும் அணைத்துப் போடுங்கள். மின்சாரம் நின்றால் தடையும் போய்விடும்.

குண்டூசித் துளை என்பது மின்சாரம் இல்லாதபோது கம்பியால் பற்சக்கரத்தை நேரடியாகத் தள்ளுவதற்கான வழி. மின்சாரம் ஓடும்போது, தகடு சுழன்றுகொண்டிருக்கும் நிலையில் அதைத் தொட்டால் தகடும் கெடலாம், டிரைவும் கெடலாம். அணைத்தபின், நிமிர்த்திய காகிதக் கிளிப்பை நேராக விட்டு மெதுவாகத் தள்ளுங்கள்.

கேள்வி: யாரும் தொடாமலே எங்கள் கணினியின் டிரே அடிக்கடி திறந்து மூடுகிறது. வைரஸ் என்று கடைக்காரர் சொல்கிறார். – புதுச்சேரி வாசகி

பதில்: அப்படியும் இருக்கலாம் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. 1998-இல் பரவிய ‘நெட்பஸ்’ என்ற தொலைக்கட்டுப்பாட்டு நிரலில், அடுத்தவர் கணினியின் டிரேயைத் திறந்து மூடுவதும் ஒரு வசதியாகவே இருந்தது. ஆனால் பணம் கொடுத்து எதையும் அழிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கணினியை அணைத்து, டிரைவுக்குப் போகும் தகவல் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, மின்கம்பியை அப்படியே விட்டுக் கணினியை இயக்குங்கள். தகவல் கம்பி இல்லாமல் எந்த மென்பொருளின் சொல்லும் டிரைவை எட்டாது. அப்போதும் டிரே அசைந்தால் குறை டிரைவில்தான்: முன்பொத்தான் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம், டிரே முழுவதும் மூடியதா என்று உணரும் சிறு சுவிட்சில் தூசி படிந்திருக்கலாம், டிரேயை இழுக்கும் ரப்பர் பட்டை தளர்ந்து டிரே கடைசிவரை போகாமல் திரும்பி வரலாம். பழைய டிரைவ்களில் அந்தப் பட்டை தளர்வது சாதாரணம், மாற்றுவதும் எளிது. கம்பியைக் கழற்றியதும் அமைதியாகிவிட்டால் மட்டும் மென்பொருளைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: க்யூஇஎம்யூ மெய்நிகர் கணினியில், தகட்டுக்குப் பதிலாக வைக்கும் ஐஎஸ்ஓ கோப்பை மாற்ற முயன்றால், சாதனம் பூட்டப்பட்டிருப்பதாகப் பிழை வருகிறது. அங்கே டிரேயே இல்லையே? – சென்னை வாசகர்

பதில்: டிரே இல்லாவிட்டாலும் டிரேயின் நடத்தை முழுவதும் அங்கே போலியாக உருவாக்கப்பட்டிருக்கிறது. உள்ளே ஓடும் இயங்குதளம் தகட்டை இணைத்தபோது, மேலே சொன்ன 30-ஆம் எண் கட்டளையை அந்தப் போலி டிரைவுக்கும் அனுப்பியிருக்கிறது. வெளியிலிருந்து நீங்கள் கேட்பது பொத்தானை அழுத்துவதற்கு ஒப்பானது. உள்ளே போய் இணைப்பை விடுவித்துவிட்டு மாற்றுங்கள். கட்டாயப்படுத்தித் திறக்கும் வழியும் இருக்கிறது. உள்ளே நிறுவல் ஏதும் நடந்துகொண்டிருக்காதபோது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையைப் பராமரிக்கிறேன். ஒரே மாதிரியான பல சர்வர்களில் எது பழுதானது என்று கண்டுபிடிக்க, தொலைவிலிருந்து அதன் டிரேயைத் திறந்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம் என்று மூத்த ஊழியர் ஒருவர் சொன்னார். சரியான முறையா? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: சர்வர்களைப் பராமரிப்பவர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம் அது. பெயர்ச்சீட்டு ஒட்டாத, அல்லது தவறாக ஒட்டிய இயந்திரங்களுக்கு நடுவே, தவறான ஒன்றை அணைத்துவிடாமல் காப்பாற்றிய வழக்கம் என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. உங்கள் சர்வரில், அதைத் தொலைவிலிருந்து கவனிக்க உதவும் ‘ஐபிஎம்ஐ’ வசதி இருந்தால், அடையாள விளக்கை எரியவிடும் கட்டளையே மேல். நேரம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 15 விநாடி எரியும், வேண்டிய விநாடிகளைச் சொல்லியும் எரியவிடலாம். அது இல்லாத பழைய இயந்திரங்களுக்கு டிரேயைப் பயன்படுத்தலாம்.

அப்போது இரண்டைக் கவனியுங்கள். அடுக்கின் முன்கதவு மூடியிருந்தால் டிரே அதில் இடித்து நிற்கும். ஆகவே கதவைத் திறந்துவைக்கச் சொல்லிவிட்டே கட்டளையை அனுப்புங்கள். இரண்டாவதாக, சர்வர்களில் இருப்பவை பெரும்பாலும் மடிக்கணினியில் உள்ளதைப் போன்ற மெல்லிய டிரைவ்கள். திறந்த டிரேயைத் தொலைவிலிருந்து உங்களால் மூட முடியாது. அறையில் ஒருவர் இருந்து அதைக் கையால் தள்ளிவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்து அந்த வழியே போகிறவருடைய சட்டையில் மாட்டி ஒடிந்துவிடும்.